தாய்ப்பத்திரம் எங்கே?

மரபு வார விழா, தொல்லியல் கண்காட்சி, ஊர் வரலாற்று நூல் வெளியீடு என்று எந்தக் கூட்டத்துக்குப் போனாலும், பொன்னாடை போர்த்தி முடிந்த பத்தாவது நிமிடத்தில் மேடையிலிருந்து ஒரு வாக்கியம் வந்துவிடும்: "நம்மாட்களுக்கு வரலாற்று உணர்வே கிடையாது." அரங்கில் இருப்பவர்கள் எல்லாரும் தலையாட்டுவார்கள். நானும் ரொம்ப காலம் ஆட்டியிருக்கிறேன். சொல்பவர் அந்த 'நம்மாட்களில்' தன்னைச் சேர்த்துக்கொள்வதில்லை, கேட்பவரும் சேர்த்துக்கொள்வதில்லை. யார் மேலும் படாத வசவு என்பதால்தான் இத்தனை நாள் செல்லுபடியாகிறது.

வாக்கியம் அதோடு நின்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். அதற்கு ஒரு வால் உண்டு. உணர்வில்லாதவன் கையில் பொருள் இருந்தால் கெட்டுப்போகும். ஆகவே அதை அவனிடமிருந்து எடுத்துப் பத்திரமான இடத்தில் வைத்துப் பூட்டவேண்டும். சாவி விவரம் தெரிந்தவர்களிடம் இருக்கவேண்டும். பாதுகாப்பு என்றதும் நமக்குப் பூட்டு ஞாபகம் வருவது இந்த வாலால்தான். தலை, வால் இரண்டையும் மறுக்கிறேன்.

நான் தொல்லியல் படித்தவனில்லை. இருபத்தெட்டு வருஷம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்க்கடையில் முதலில் கையெழுத்து, பிறகு தட்டச்சு, பிறகு கம்ப்யூட்டர். கல்வெட்டுப் பைத்தியம் பிடித்தது நாற்பது வயதுக்கு மேல். அதற்குக் காரணமும் தொழில்தான். ஒரு சோழர் காலத்து நிலக்கொடையை முதன்முதலாக முழுப் பாடமாக வாசித்தபோது என் கண்ணில் ராஜா படவில்லை, எனக்குத் தெரிந்த பாஷை பட்டது. கீழ்பாற்கெல்லை இன்ன வாய்க்காலுக்கு மேற்கு, தென்பாற்கெல்லை இன்னார் நிலத்துக்கு வடக்கு என்று நாலு பக்கமும் கட்டி, 'இவ்விசைத்த பெருநான்கெல்லையில் அகப்பட்ட' என்று முடிக்கிறார்கள். அன்று காலையில் நான் அடித்த கிரயப் பத்திரத்தில் 'இந்த நான்கெல்லைக்குள் பட்ட' என்று முடித்திருந்தேன். ஆயிரம் வருஷத்தில் நாங்கள் சேர்த்தது ஒரு பம்புசெட்டும் மின் இணைப்பும்.

ஆகவே இது பத்திர எழுத்தன் வாதம். புலவர்கள் மன்னிக்கவேண்டும்.

உணர்வில்லாத நம்மாட்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்க அரியலூர் மாவட்டத்துத் திருமழபாடிக்குப் போகலாம். கொள்ளிடக் கரையில் வைத்தியநாதர் கோயில். முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013 வாக்கில், ஸ்ரீவிமானத்தைப் பிரித்துக் கட்ட உத்தரவு போட்டான். பழைய சுவரில் ஏற்கெனவே கல்வெட்டுகள் இருந்தன. கல்லைப் பிரித்தால் எழுத்து கலைந்துபோகும். அதனால் பிரிப்பதற்கு முன்பே அவற்றைப் புத்தகத்தில் படியெடுத்துக்கொண்டார்கள். விமானம் எழும்பியது. இராசராசன் காலமானான். மகன் இராசேந்திரனின் 14ஆம் ஆண்டில், 1026 வாக்கில், புத்தகத்தில் இருந்தவற்றைப் புதுச் சுவரில் திரும்ப வெட்டினார்கள். இப்படிச் செய்தோம் என்கிற செய்தியையும் சேர்த்தே கல்லில் ஏற்றியிருக்கிறார்கள்.

அந்தப் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். புத்தகம் என்றால் ஓலைக்கட்டு. பதின்மூன்று மழைக்காலம் அது யார் வீட்டுப் பரணிலோ இருந்திருக்கிறது. எலி, கரையான், கொள்ளிடத்து வெள்ளம் எல்லாவற்றுக்கும் தப்பியிருக்கிறது. நடுவில் ஆட்சி மாறியது. புது அரசன் கங்கைக்குப் படை அனுப்பினான், கடாரத்துக்குக் கப்பல் விட்டான். அந்த அமளியில் 'பழைய கணக்கைச் சுவரில் ஏற்ற வேண்டியது பாக்கி இருக்கிறதே' என்று யாரோ ஒருவர் ஞாபகம் வைத்திருந்து காரியத்தை முடித்திருக்கிறார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. தொழில்முறையில் அவர் எனக்குப் பாட்டனார்.

ஏன் இந்த மெனக்கெடல்? பெருமிதம் என்று மேடையில் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோயில் சுவர்களில் பெரும்பாலும் இருப்பவை விளக்குக்கு ஆடு விட்டது, நந்தவனத்துக்கு நிலம் விட்டது, திருவிழாச் செலவுக்குப் பொன் வைத்தது போன்ற கணக்குகள். எழுத்து போனால் உரிமை போகும் என்று அவர்களுக்குத் தெரியும். வேறு கோயில்களிலும் புதுப்பித்த சுவரில் எழுதும்போது 'பழங்கற்படி' என்று குறித்திருக்கிறார்கள். பழைய கல்லில் இருந்ததன் நகல் என்று அர்த்தம். நாங்கள் 'அசலுக்குச் சரியான நகல்' என்று முத்திரை குத்துகிறோமே, அதேதான். தன் ஊர்ச் சொத்துக்கு எழுத்தே ஆதாரம் என்று தெரிந்தவர்களுக்கு வரலாற்று உணர்வு என்று ஒன்றைத் தனியாக ஊட்டவேண்டியதில்லை.

இனி நம் காலத்துத் திருப்பணி ஒன்று. எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்துச் சின்னச் சிவன் கோயில். ஊர்ப் பெயர் வேண்டாம், ஊர் மேல் தப்பில்லை. கருவறையின் அதிட்டானத்தில், அதாவது அடித்தளத்தில், கீழே ஜகதி என்கிற கல்வரி, அதன் மேல் எண்பட்டைக் குமுதம். பட்டை பட்டையாக எழுத்து ஓடும். ஒருமுறை குருக்கள் மகனும் நானும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, சாக்பீஸ் தூள் பூசி, சாயங்கால வெயில் சாய்ந்து விழுகிற நேரமாகப் பார்த்து ஒரு வரியைக் கூட்டிக்கூட்டி வாசித்தோம். மூன்று வருஷம் கழித்துக் குடமுழுக்குக்குப் போனேன். பிராகாரம் பளபளவென்று கிரானைட். தரை ஒன்றரை அடி உயர்ந்திருந்தது. ஜகதி முழுக்க உள்ளே போய்விட்டது. குமுதத்தில் பாதி போய்விட்டது. மேல் வரியில் எழுத்துகளின் தலை மட்டும் கிரானைட் விளிம்புக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது, கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கிறவர்கள் மாதிரி.

இதைச் செய்தது யார்? மேடை வாக்கியப்படி ஊர்க்காரர்கள். நடந்தது வேறு. மழைத்தண்ணீர் தேங்குகிறது என்று மட்டத்தை ஏற்றச் சொன்னவர் பொறியியல் படித்தவர். மதிப்பீட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாரும் பட்டதாரிகள். வெளிநாட்டில் சம்பாதித்து உபயம் கொடுத்தவரும் படித்தவரே. அங்கே வாய் திறந்து தடுத்தவர் ஒரே ஒரு பெரியவர். ஆடு மேய்க்கிறவர், கையெழுத்துப் போடத் தெரியாதவர். "எழுத்து இருக்கேய்யா, மூடுறீகளே" என்று கேட்டிருக்கிறார். அவருக்குக் கிடைத்த பதில்: "அதுக்கெல்லாம் ஆபீசுல ரெக்கார்டு இருக்கு பெரியவரே." சரி, இருந்தால் சரி என்று அவர் போய்விட்டார்.

எனக்கு அந்தப் பதில்தான் நெஞ்சில் தைத்தது. பெரியவருக்கு உணர்வு இருந்தது. அவர் கையில் நகல் இல்லை. எதிராளி கையில் ரெக்கார்டு இருக்கிறது என்று சொன்னால் நகல் இல்லாதவன் என்ன பேசமுடியும்? தாய்ப்பத்திரம் தொலைத்தவன் கிராம நிர்வாக அலுவலர் முன்னால் நிற்பதை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அதே நிற்பு.

அந்த ரெக்கார்டு எங்கே என்று தேடப் போனேன். பதில் சொன்னவருக்கே தெரியவில்லை. யாரிடமாவது இருக்கும் என்று நிஜமாகவே நம்பியிருக்கிறார், பாவம்.

இருக்கத்தான் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி, இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டாய்வாளர்கள் ஊர் ஊராகப் போய்ப் படியெடுத்தார்கள். கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து அடித்து எழுத்துப் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, மேலே மை ஒற்றி எடுப்பார்கள். கறுப்புப் பரப்பில் எழுத்து வெள்ளையாக நிற்கும். அதுதான் மசிப்படி. மாட்டு வண்டியில் போய், வெளவால் நாற்றத்தில் நின்று அவர்கள் செய்த வேலைக்கு எந்தக் கும்பிடும் தகும். தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி 1890லேயே வந்துவிட்டது. பிறகு வேகம் குறைந்தது. படியெடுத்தவை மலையாகக் குவிந்தன. அச்சேறியவை அந்த வேகத்தில் ஏறவில்லை. நூறு வருஷத்துக்கு முன் படியெடுத்தவற்றிலேயே இன்னும் முழுப் பாடம் வெளிவராதவை நிறைய. ஊட்டியில் இருந்த அலுவலகம் 1966இல் மைசூருக்குப் போனது, தமிழ்நாட்டுக் கல்வெட்டுப் படிகளும் கூடவே போயின. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லி 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிடவேண்டி வந்தது.

ஊர்க்காரனுக்கு மிஞ்சுவது ஆண்டறிக்கை. அதில் ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஆங்கிலத்தில் நாலைந்து வரிச் சுருக்கம் இருக்கும். அதையும் தேடி எடுக்க ஒரு சாமர்த்தியம் வேண்டும். திருமழபாடிக்காரன் தன் ஊரை அரியலூர் என்று தேடினால் கிடைக்காது. திருச்சினாப்பள்ளி ஜில்லா, உடையார்பாளையம் தாலுகா என்று தேடவேண்டும். அதற்குள் ஊர்ப் பெயர் வெள்ளைக்காரன் வாயில் புரண்ட எழுத்தில், ழகரம் லகரமாகி, பகரம் வகரமாகி இருக்கும். எந்த வருஷம் படியெடுத்தார்கள் என்பதும் தெரிந்திருக்கவேண்டும், வரிசை அதன்படி. இத்தனையும் தாண்டி வந்தால் 'இன்னார் நிலம் விட்டதைக் குறிப்பிடுகிறது' என்று இருக்கும். எந்த நிலம், எந்த எல்லை, எந்த மடைத் தண்ணீர்? சுருக்கத்தில் இருக்காது. ஊருக்கு வேண்டியது அது மட்டும்தான்.

என் தொழிலில் இருக்கிற ஒரு நல்ல ஏற்பாட்டை இங்கே சொல்லவேண்டும். 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதிவாகிற முதலாம் புத்தகத்தைக் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகல் வாங்கலாம். உனக்குப் புரியுமா, நீ சட்டம் படித்தவனா, நகலை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று சார்பதிவாளர் கேட்கமாட்டார், கேட்கவும் முடியாது. அந்த அலுவலகத்தைப் பற்றி எனக்கு ஆயிரம் மனத்தாங்கல் உண்டு. ஆனாலும் ஊருக்கு ஊர் சொத்துரிமை ஓரளவு நிலைத்திருப்பது நகல் யாருக்கும் கிடைக்கும் என்பதால்தான். ஐந்து சென்ட் மனைக்கு உள்ள இந்த உரிமை, ஒரு ஊரின் ஆயிரம் வருஷத்துப் பத்திரத்துக்கு இல்லை.

கல்வெட்டின் முழுப் பாடத்தை யாருக்கும் கிடைக்கும்படி வெளியிடுவதெல்லாம் பேச நன்றாயிருக்கும், நடக்கிற காரியமா என்பார்கள். நடந்திருக்கிறது, எங்கள் ஊரிலேயே. புதுக்கோட்டைச் சமஸ்தானம் பெரிய ராஜ்யமில்லை. ஆயிரத்திருநூறு சதுர மைலுக்குக் கொஞ்சம் குறைவு, நாலு லட்சம் ஜனம். கண்மாய் நிறைந்தால் சோறு, காய்ந்தால் கடன். அந்தச் சமஸ்தானம் 1929இல் தன் எல்லைக்குள் இருந்த கல்வெட்டுகளை, ஆயிரத்து நூற்றுக்கும் மேற்பட்டவற்றை, அரச வம்ச வாரியாக அடுக்கி, முழுப் பாடமாக, தமிழில் அச்சுப் போட்டு வெளியிட்டுவிட்டது. சுருக்கமில்லை, முழுப் பாடம். பிற்பாடு ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது. 1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. ராஜா போனார், அச்சகம் போனது, புத்தகம் இருக்கிறது. குடுமியான்மலைக்கோ திருமயத்துக்கோ அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு போகிற எவனும், எந்தக் கல் இன்று இருக்கிறது, எது சுண்ணாம்புக்குள் போயிற்று என்று சரிபார்க்கலாம்.

கிரானைட்டுக்குள் போன எங்கள் குமுத வரியும் அந்தப் புத்தகத்தில்தான் கிடைத்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வீட்டு மர பீரோவில், நெல்லுக்குப் போடுகிற வேப்பிலை வாசனையோடு. அட்டை இல்லை, முதல் பத்துப் பக்கம் இல்லை; எங்கள் ஊர் இருந்தது. ஊர் சமஸ்தானத்துக்குள் இருந்தது அதிர்ஷ்டம். எல்லைக்கு அந்தப் பக்கம், தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்திருந்தால் நாலு வரி இங்கிலீஷோடு வீடு திரும்பியிருப்பேன்.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, எல்லாரும் சொல்வது: நடுகல்லில் துணி துவைக்கிறார்களே, வாய்க்காலுக்குப் பாலமாகப் போட்டிருக்கிறார்களே?

போட்டிருக்கிறார்கள். நானே அப்படி ஒரு கல்லின் மேல் நடந்து வாய்க்கால் தாண்டியிருக்கிறேன். ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் போய்ப் பார்த்தால் அதே நடுகல் வேடியப்பன் என்கிற சாமியாக நிற்கிறது. பொங்கல் வைக்கிறார்கள், கிடா வெட்டுகிறார்கள். ஆநிரை மீட்கச் செத்தவன் பெயர் மறந்துபோயிற்று, எந்த அரசன் காலம் என்பதும் மறந்துபோயிற்று, கல்லை மட்டும் விடவில்லை. மாநிலத் தொல்லியல் துறை 1972இல் செங்கம் நடுகற்கள் என்று தனி நூலே வெளியிட்டதே, ஆராய்ச்சியாளர் போகும்வரை அந்தக் கற்களைக் காட்டிலும் கரையிலும் விட்டுவைத்தது யார்? இது என்ன என்று ஏதோ ஒரு வகையில் தெரிந்த இடத்தில் மக்கள் காப்பாற்றியிருக்கிறார்கள். தெரியாத இடத்தில் கல்லைக் கல்லாகப் பாவித்திருக்கிறார்கள். சொல்லவேண்டியவர்கள் சொல்லாமல் இருந்துவிட்டுத் துவைத்தவளைத் திட்டுவது என்ன நியாயம்?

ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட கதையும் இப்படித்தான் பாதியாகவே சொல்லப்படுகிறது. விட்டார்கள், உண்மை. ஆனால் உ.வே. சாமிநாதையர் 1887இல் சிந்தாமணியையும் 1889இல் பத்துப்பாட்டையும் அச்சில் கொண்டுவந்தாரே, ஏடுகள் எங்கிருந்து வந்தன? மடங்களிலிருந்து கொஞ்சம், வீடுகளிலிருந்து நிறைய. ஆழ்வார்திருநகரிக் கவிராயர் வீடுகளில் பத்துப்பாட்டு ஏடு கிடைத்ததை அவரே எழுதியிருக்கிறார். ஓர் ஏடு ஆற்றோடு போனால் இன்னொன்று எங்கோ ஒரு வீட்டுப் பரணில் இருந்தது. ஒரே இடத்தில் ஒரே படியாக வைத்துப் பூட்டியிருந்தால் ஒரு தீவிபத்து போதும்.

அச்சுக் காலத்திலும் இதே கதைதான். தமிழ் நூல், இதழ், துண்டுப் பிரசுரம், நாடக நோட்டீஸ் என்று ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகளைச் சேர்த்தவர் காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் இருந்த ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். 1992இல் அவர் மறைந்த பிறகு 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது; பொருள் கடல் கடக்காமல் சென்னையிலேயே நூலகமாயிற்று, நுண்படமாகவும் எடுத்து வைத்தார்கள். பலகை எழுதிப் பிழைத்தவருக்கு இருந்த உணர்வு, பட்டம் வாங்கி மேடையில் நின்றவர்களுக்கு எங்கே போயிற்று என்று கேட்கலாம்தான். நான் கேட்கவில்லை, அதுவும் ஒரு மேடை வாக்கியமாகிவிடும்.

இரண்டாவது எதிர்வாதம் கொஞ்சம் கனமானது. இருப்பதை எல்லாம் வெளியிட்டால் திருடனுக்கு வழிகாட்டியாகுமே?

இதற்குப் பதில் அரியலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது, திருமழபாடி இருக்கும் அதே மாவட்டத்தில். ஸ்ரீபுரந்தான் கோயில் பூசையின்றிப் பூட்டிக் கிடந்தது. நடராசர் உள்ளே இருந்தார். 2006இல் திருட்டு நடந்தது; 2008இல்தான் சிலை இல்லை என்பதே வெளியே தெரிந்தது. பூட்டு இருந்ததால் யாரும் உள்ளே பார்க்கவில்லை. இடையில் அந்த நடராசர் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்துக்கு ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் விலை போயிருந்தார். விற்றவர்கள் சும்மா விற்கவில்லை. 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் வருவதற்கு முன்பே சிலை இந்தியாவை விட்டுப் போய்விட்டது என்று காட்டக் காகிதங்கள் வைத்திருந்தார்கள். எங்கள் பாஷையில் கள்ளப் பத்திரம்.

கள்ளப் பத்திரத்தை எது வெல்லும்? பழைய நகல். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களின் நடுவிலிருந்து தமிழ்நாட்டுக் கோயில்களைப் படமெடுத்துச் சேர்த்து வந்திருக்கிறது. அந்தச் சேகரிப்பில், ஸ்ரீபுரந்தான் கோயிலில் இருந்தபோது 1990களில் எடுத்த இதே நடராசர் படம் கிடைத்தது. காகிதம் பொய் என்று ஆயிற்று. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் தில்லிக்கு வந்தபோது சிலை திரும்பியது. திருடனுக்கு வேண்டியது விவரம் என்று நினைக்கிறோம். விவரம் அவன் ஆள் வைத்து விசாரித்துக்கொள்வான். அவனுக்கு முக்கியமாக வேண்டியது, போன பொருளுக்கு எங்கேயும் சாட்சி இல்லாமல் இருப்பது.

மூன்றாவது எதிர்வாதத்தைச் சொல்பவர்கள் நல்லவர்கள், என் நண்பர்களும் அதில் உண்டு. பொதுமக்களிடம் கொடுத்தால் தப்புத் தப்பாக வாசிப்பார்கள், சாதிப் பெருமைக்கும் ஊர்ப் பெருமைக்கும் இழுப்பார்கள், வாட்ஸ்அப்பில் இருபதாயிரம் வருஷம் என்று எழுதுவார்கள். எழுதுகிறார்கள். எனக்கும் தினம் காலையில் இரண்டு வருகிறது. ஆனால் கவனித்துப் பாருங்கள், அந்தப் புளுகுகள் செழிப்பது மூலம் கையில் கிடைக்காத இடத்தில்தான். வில்லங்கச் சான்று கிடைக்கிற ஊரில் ஒரே மனையை மூன்று பேருக்கு விற்பது கஷ்டம்.

தப்பு வாசிப்பு என்பது பாமரனின் தனிச்சொத்தும் இல்லை. மதுரைக்குப் பக்கத்து மாங்குளத்துக் குகைக் கல்வெட்டை ராபர்ட் சிவெல் கண்டறிந்தது 1882இல். அந்த வகைக் குகை எழுத்துகளில் இருப்பது தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் நிறுவியது 1924இல். நாற்பது வருஷத்துக்கு மேல் பெரிய பண்டிதர்களுக்கு நம்மூர்க் குகையில் இருப்பது நம் பாஷை என்று புலப்படவில்லை. அங்கே நெடுஞ்செழியன் பெயரை ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னது 1965இல்; அவருக்கு உத்தியோகம் ஐ.ஏ.எஸ்., கல்வெட்டுத் துறை அல்ல. வெளியே கிடந்த எழுத்தாக இருந்ததால் அடுத்தவன் வந்து திருத்தினான். பூட்டிய அறையில் இருக்கும் தப்பைத் திருத்த ஆளில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும், கொஞ்சம் சங்கடமான சங்கதி. ஊர்க் கல்வெட்டைப் பகிர்வதில் எல்லாருக்கும் சந்தோஷம் இருக்காது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே தீண்டாச்சேரி என்ற சொல் இருக்கிறது. மனிதரை விற்ற ஆவணங்கள் கல்லில் இருக்கின்றன. கோயில் நிலம் எதுவரை என்பது எல்லையோடு இருக்கிறது. அந்த எல்லைக்குள் இன்று யார் வீடு இருக்கிறது என்பது ஊருக்குத் தெரியும். சில இடங்களில் எழுத்தின் மேல் சிமென்ட் விழுவது உணர்வு இல்லாததால் இல்லை, உணர்வு நன்றாகவே இருப்பதால். இதைத் துறை நிபுணர் பார்த்துக்கொள்ள முடியாது. அவர் வருஷத்துக்கு ஒரு நாள் வருகிறவர். பாடம் பத்து வீட்டில் இருந்தால் பதினோராவது வீடு சிமென்ட் குழைக்கத் தயங்கும்.

பாமரன் தொட்டால் கெடும் என்பவர்கள் இரண்டு பள்ளிக்கூட வாத்தியார்களை மறந்துவிடுகிறார்கள். மயிலாடுதுறைப் பக்கம் செம்பியன்கண்டியூரில் 2006இல், தோட்டத்தில் கன்று நடக் குழி தோண்டிய பள்ளி ஆசிரியர் ஒருவர் கையில் குறிகள் பொறித்த புதிய கற்காலக் கைக்கோடரி கிடைத்தது. தூக்கி எறியாமல் தெரிந்தவர்களிடம் சொன்னார். ஐராவதம் மகாதேவன் வரைக்கும் போய் உலகச் செய்தியாயிற்று. கீழடியில் 1970களிலேயே மாணவர்கள் கொண்டுவந்த பழம்பொருள்களைப் பார்த்துவிட்டு இங்கே ஏதோ இருக்கிறது என்று தகவல் கொடுத்தவர் அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர். மத்தியத் தொல்லியல் துறை அங்கே குழி வெட்டியது 2015இல். இடையில் நாற்பது வருஷம். அந்த நாற்பது வருஷம் உணர்வில்லாமல் இருந்தது யார் என்பதை மேடையில் இருப்பவர்கள்தான் சொல்லவேண்டும்.

பீரோவில் கிடைத்த பாடத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கொண்டுபோனேன். அழைப்பிதழ், ஒலிபெருக்கி ஒன்றுமில்லை. கோயில் வாசல் வேப்பமரத்தடியில் ஏழெட்டுப் பேர், ஆடு மேய்க்கும் பெரியவரும் இருந்தார். வாசித்தேன். அரசன் பெயர் வந்தபோது யாரும் அசையவில்லை. எல்லை சொல்லத் தொடங்கியதும் ஆட்கள் நெருங்கி உட்கார்ந்தார்கள். வடபாற்கெல்லையில் ஒரு மடையின் பெயர் வந்தது. பெயரை எழுதினால் ஊர் தெரிந்துவிடும், விட்டுவிடுகிறேன்.

"ஏந்தம்பி, அந்த மடை எங்க வயலுக்கு மேக்காலல்ல இருக்கு?" என்றார் ஓரத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஒரு அப்பத்தா. "இன்னமும் அந்தப் பேருதான். தூந்து போயிக் கெடக்கு."

"ஆமாத்தா, அதேதான்னு நெனக்கிறேன்" என்றேன்.

"அப்ப அதை எழுதிக் குடுத்துட்டுப் போங்க. மராமத்துக்கு மனுக் குடுக்கையில வச்சுக் குடுக்கலாம்."

அடுத்தவர் எனக்கும் ஒன்று என்றார். பெரியவர் தனக்கு வாசிக்கத் தெரியாது என்றாலும் ஒன்று வேண்டும் என்றார். பையில் கோடு போட்ட தாள்தான் இருந்தது, கார்பன் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து நாலு நகல் கையால் எழுதினேன். மூன்றாவதில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. முதல் நகலையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து அதைக் கண்டுபிடித்தவன், என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எட்டாம் வகுப்புப் பையன்.